கோடை விருந்தும் வாடிப்போன பூக்களும்

பூக்களால் அலங்கரித்த விருந்து மேசைப் படங்கள் கைபேசியைத் திறந்தாலே வந்து கொட்டுகின்றன. பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் படம் எடுத்து ஒரு மணி நேரம் கழித்து அதே மேசை எப்படி இருந்தது என்று ஒருவரும் காட்டுவதில்லை. படத்துக்குப் பூ ஒரு நிமிடம் நிமிர்ந்து நின்றால் போதும். விருந்துக்கு அப்படியில்லை. நண்பர்கள் வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, பேசி, கிளம்புகிறேன் என்று எழுந்து மறுபடி உட்காரும் வரை நிற்க வேண்டும், அதுவும் கோடை வெயிலில். இந்த வித்தியாசத்தை நான் பணம் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். விருந்துக்கு ஒதுக்கிய தொகையில் பாதிக்கு மேல் பூவுக்கே போனது. அதில் பெரும் பங்கு, முதல் ஆள் வாசலுக்கு வரும் முன்பே குப்பைக்கூடைக்குப் போனது. தூக்கம் போனது தனிக் கணக்கு. கூடமாட உதவ ஆளில்லை, விவரம் தெரிந்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியவும் தெரியாது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், அடுத்து மேசை போடப் போகிறவர்களுக்காவது உதவட்டும்.

முந்தின நாள் காலையில் பூ வாங்கப் போனேன். பல வண்ணத்தில் மேசை வேண்டும் என்பதுதான் ஆசை, அதனால் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன்: பந்து பந்தாக ஹைட்ரேஞ்சியா, நீல டெல்ஃபினியம், உயரமான கிளாடியோலஸ், லில்லி, கார்னேஷன், டாலியா. கடைக்காரர் தாளில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது, போனதும் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரின் பின் இருக்கையில் படுக்க வைத்துவிட்டு இன்னும் சில வேலைகளை முடித்துக்கொண்டு வீடு வந்தேன். சமையலறையில் ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துப் பூக்களை அதில் இறக்கினேன். வாளிக்குப் பக்கத்திலேயே விருந்துக்கு வாங்கிய பழக்கூடை. சில பூக்களுக்கு வாளியில் இடம் போதவில்லை, அவற்றைத் தாளோடு மேடை மேல் படுக்கவைத்தேன். கிளாடியோலஸும் அப்படிப் படுத்ததில் ஒன்று.

மறுநாள் காலையில் பார்த்தால் கிளாடியோலஸின் நுனிகள் எல்லாம் மேல்நோக்கி வளைந்து நிற்கின்றன. செடியிலிருந்து வெட்டிய பிறகும் அந்தத் தண்டுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியும். படுக்க வைத்தால் சில மணி நேரத்திலேயே நுனி புவியீர்ப்புக்கு எதிர்த்திசையில் வளைந்துவிடும். வளைந்ததை நேராக்க முடியாது, நிமிர்த்திப் பார்த்தேன், ஒடிந்தது. ஸ்னாப்டிராகனும் இதே குணம்தான். இந்த மாதிரி நெடும் பூக்களைக் காரிலும் நிற்க வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். ஓர் உயரமான வாளியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாலே விஷயம் முடிந்தது. வாளி சாயாமல் இருக்கைப் பட்டையைப் போட்டுவிடுங்கள், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

கார்னேஷன் இன்னும் விசித்திரம். முந்தின நாள் விரிந்திருந்த பூக்கள் இதழை உள்ளே மடக்கிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தன. டெல்ஃபினியத்தைத் தொட்டதும் நீல இதழ்கள் கொத்தாக உதிர்ந்தன. கடைக்காரர் பழசைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். காரணம் பழக்கூடை. பழுக்கும் பழங்கள், குறிப்பாக ஆப்பிள், வாழை, தக்காளி போன்றவை, எத்திலின் என்கிற வாயுவை வெளியிடுகின்றன. பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயு பூவை மூப்படையவும் வைக்கிறது. கார்னேஷன், டெல்ஃபினியம், ஸ்னாப்டிராகன் எல்லாம் அதற்கு எளிதில் விழுந்துவிடும் வகைகள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பூ வைக்கலாமே என்று தோன்றும். அதற்குள்ளும் பழம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள். மேசையிலும் பூவுக்கு நடுவே பழத்தட்டை அடுக்கினால் படத்துக்கு அழகாக இருக்கும். ஒரு மாலைக்குப் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை, முந்தின இரவே அடுக்கி வைக்காமல் இருந்தால் சரி.

பெரிய அடி ஹைட்ரேஞ்சியாதான், இருந்ததில் அதிக விலையும் அதுதான். விருந்தன்று மதியம் அதைச் சாடியில் வைத்து மேசைக்குக் கொண்டுபோனேன். மர நிழலில்தான் மேசை, நேர் வெயில்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு பந்தும் தலையைத் தொங்கப் போட்டது, இதழ்கள் ஈரத்துணி மாதிரி துவண்டன. சாடியில் தண்ணீர் நிறைய இருக்கிறது, பூவுக்குள் தண்ணீர் ஏறவில்லை. அழுகை வந்தது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது. எல்லாரும் வர இன்னும் சில மணி நேரம், சமையல் அரைகுறை, மேசை முழுக்கத் தொங்கும் தலைகள்.

பூவை வெட்டியதும் காம்பின் அடியில் இருக்கும் மெல்லிய நீர்க்குழாய்களுக்குள் காற்று புகுந்துவிடுகிறது. காற்று அடைத்த குழாயில் தண்ணீர் ஏறாது. அதனால் வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு காம்பின் அடியையும் கூர்மையான கத்தியாலோ கத்தரியாலோ ஓரிரு சென்டிமீட்டர் சாய்வாக வெட்டி உடனே தண்ணீரில் விட வேண்டும். மழுங்கிய கத்தரி குழாய்களை நசுக்கிவிடும். தண்ணீர்மட்டத்துக்குக் கீழே வரும் இலைகளை முழுக்க உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை அழுகித் தண்ணீரில் பாக்டீரியா பெருகும், அதுவும் குழாயை அடைக்கும். மேலே இருக்கும் இலைகளிலும் பாதியை எடுத்துவிடலாம், ஏனென்றால் வெயிலில் இலை வழியாகத்தான் தண்ணீர் அதிகம் ஆவியாகிறது. அப்புறம் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில், சுமார் 40 டிகிரி செல்சியஸ், காம்புகளை ஆழமாக விட்டு, இருட்டான குளிர்ந்த அறையில் இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் பெரும்பாலான காம்புகளில் சீக்கிரம் ஏறும். பூக்கடைகளில் பின்னறையில் நடக்கும் முக்கிய வேலையே இதுதான். கடையில் செய்துவிட்டார்கள் என்று நம்பி விடாதீர்கள், வீட்டில் இன்னொரு முறை செய்வதால் நஷ்டமில்லை.

துவண்ட ஹைட்ரேஞ்சியாவைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு, எனக்கு அன்று மாலை தாமதமாகத்தான் தெரிய வந்தது. காம்பைப் புதிதாக வெட்டிவிட்டு, பூவின் தலையையே குளிர்ந்த தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி அரை மணி நேரம் விட வேண்டும். இந்தப் பூ இதழ் வழியாகவும் தண்ணீர் எடுத்துக்கொள்ளும். அன்று பாதிக்கு மேல் எழுந்துவிட்டன, மிச்சம் குப்பைக்கு. ரோஜாவின் கழுத்து தொங்கினாலும் இதே காற்றடைப்புதான் பெரும்பாலும் காரணம். காம்பை மறுபடி வெட்டி, கழுத்து நேராக நிற்கும்படி தாளில் இறுக்கிச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் சில மணி நேரம் நிறுத்திவைத்தால் பல ரோஜாக்கள் பிழைக்கும். டாலியா துவண்டால் விட்டுவிடுங்கள்.

எந்தப் பூவை எப்போது வாங்குவது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கக் கூடாது. லில்லி மொட்டாக வரும், விரிய மூன்று நான்கு நாள் வேண்டும். என் மேசையில் பாதி லில்லி பச்சை மொட்டாகவே உட்கார்ந்திருந்தது. ரோஜாவை இரண்டு நாள் முன்னதாக வாங்கலாம். டாலியா நேர் எதிர். வெட்டிய பிறகு மொட்டு விரியாது, விரிந்த பூவும் நான்கைந்து நாளுக்கு மேல் தாங்காது, அதனால் முந்தின நாளோ அன்றைக்கோதான். கோடைக்கு நான் இப்போது முதலில் தேடுவது ஜினியா. மலிவு, பளிச்சென்ற நிறம், வெயிலுக்கு அஞ்சாது. பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். காம்பு விறைப்பாக நின்றால் வெட்டும் பதத்தில் வெட்டியது, தலை ஆடித் தொங்கினால் இளசு, வீட்டுக்கு வந்ததும் சாய்ந்துவிடும்.

பச்சை நிற ஃபோம் கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பூவைக் குத்தி நிறுத்தும் அந்த நுரைக்கட்டியைத் தண்ணீரில் அமுக்கி நனைத்தேன். நனைந்ததுபோல் தெரிந்தது, உள்ளே நடுவில் வறண்டே இருந்தது. நடுவில் குத்திய பூக்கள் தண்ணீரே பார்க்காமல் வாடின. அதைத் தண்ணீர் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும், தானாகக் குடித்து மூழ்கும். அமுக்கினால் காற்று உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஆனால் இப்போது அதை வாங்குவதையே நிறுத்திவிட்டேன். அது பிளாஸ்டிக், மக்காது, உதிர்ந்து நுண்துகளாகத் தண்ணீரில் கலக்கும். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் தன் மலர்க் கண்காட்சிகளில் 2021 முதல் அதற்குத் தடை போட்டிருக்கிறது. அகலமான கிண்ணத்தின் வாயில் செல்லோ டேப்பைக் கட்டம் கட்டமாகக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி, கட்டத்துக்கு ஒரு பூவாக நிறுத்தினால் அதே வேலை நடக்கிறது. கிண்ணத்தின் விளிம்பு உலர்ந்திருக்கும்போதே டேப்பை ஒட்டிவிட வேண்டும், ஈரத்தில் ஒட்டாது. கம்பி வலையைச் சுருட்டி உள்ளே வைத்தாலும் நிற்கும், அதைக் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

இவ்வளவு பாடுபட்டு மேசை நடுவே ஒரு பெரிய மலர்க்குவியலை எழுப்பினேன். எல்லாரும் உட்கார்ந்தார்கள். எதிரில் உட்கார்ந்த நண்பன் சொன்னான், “நீ பேசுறது மட்டும் பூவுக்குள்ள இருந்து கேக்குது, ஆளைத்தான் காணோம்.” எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பரிமாறும் பாத்திரங்களைக் கொண்டுவந்தபோது சிரிப்பு நின்றது, வைக்க இடமே இல்லை. மலர்க்குவியலைத் தூக்கித் தரையில் வைத்தோம், விருந்து முழுக்க அது அங்கேதான் இருந்தது. அதைக் கட்ட எடுத்த நேரத்தில் நான் ஒரு தூக்கம் போட்டிருக்கலாம்.

இதற்கு நாடாவை எடுத்து முன்கூட்டியே அளந்தாலே போதும். மேசையின் அகலம் 90 சென்டிமீட்டர் என்று வையுங்கள். எதிரெதிரே இரண்டு தட்டு, ஒன்று சுமார் 27. அதற்கே 54 போச்சு. தட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே இரு பக்கமும் இரண்டு மூன்று விட்டால் மிஞ்சுவது 30 சென்டிமீட்டர். அதற்குள்தான் கண்ணாடித் தம்ளர், பரிமாறும் பாத்திரம், பூ எல்லாம். 75 சென்டிமீட்டர் மேசை என்றால் மிஞ்சுவது சாண் அகலம்கூட இல்லை. நீளவாட்டில் ஓர் ஆளுக்கு 60 சென்டிமீட்டர் விட வேண்டும், இல்லாவிட்டால் முழங்கைகள் இடிக்கும். உயரத்தைப் பொறுத்தவரை 30 சென்டிமீட்டருக்குக் கீழே நிறுத்துங்கள். அளவுகோல் இல்லாவிட்டால் முழங்கையை மேசையில் ஊன்றிக் கையை நிமிர்த்துங்கள், மணிக்கட்டைத் தாண்டிப் பூ போகக் கூடாது. ஒரு பெரிய சாடிக்குப் பதில் வாய் குறுகிய சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஆளாளுக்கு நடுவே ஒன்று, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு பூ என்று வைத்தால் இடமும் மிஞ்சும், பூவும் பாதிதான் ஆகும். பாத்திரம் வந்தால் ஒரு விரலால் குப்பியை நகர்த்திக்கொள்ளலாம்.

வண்ணத்தில் எனக்கு ஏற்பட்ட ஏமாற்றம் வேறு மாதிரி. பூப்போட்ட விரிப்பு, அதன் மேல் பல நிறப் பூக்கள், வண்ணத் தட்டுகள். பகலில் எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை, விரிப்பின் அச்சுப் பூவில் நிஜப் பூ கரைந்துபோனது. பூப்போட்ட விரிப்பு வேண்டும் என்றால் அதிலிருக்கும் இரண்டு மூன்று நிறங்களை மட்டும் எடுத்துப் பூவும் கைத்துடைப்புத் துணியும் அதில் வாங்குங்கள், தட்டு வெள்ளையாகவே இருக்கட்டும். பூதான் பேச வேண்டும் என்றால் விரிப்பு ஒரே நிறமாக இருக்கட்டும். மேசையை ஒருமுறை கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் வெளிர் நிறப் பூ போதவில்லை என்று அர்த்தம். இருட்டியதும் இன்னொன்று நடந்தது. மெழுகுவத்தி ஏற்றினேன், விலை கொடுத்து வாங்கி உதிர்ந்தது போக மிஞ்சியிருந்த டெல்ஃபினியம் கண்ணுக்கே தெரியவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீல ஒளி மிகக் குறைவு, அதனால் நீலமும் ஊதாவும் கறுத்துப்போய்விடும். மாலை விருந்து என்றால் வெள்ளை, மஞ்சள், வெளிர் ஆரஞ்சு, வெளிர் சிவப்பு. நீலத்தைப் பகல் விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லில்லியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். விரிந்தவற்றில் ஒன்றிலிருந்து செம்பழுப்பு மகரந்தம் விரிப்பில் கொட்டியது. ஈரத்துணியால் துடைத்தேன், ஒரு ரூபாய் நாணயம் அளவிலிருந்த கறை உள்ளங்கை அளவு ஆனது. விரிப்பு என்னுடையதும் இல்லை, இரவல். மகரந்தம் பட்டால் தண்ணீர் காட்டவே கூடாது, தேய்க்கவும் கூடாது. அப்படியே உதறிவிட்டு, செல்லோ டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு, வெயிலில் போட வேண்டும். அதைவிட நல்லது, லில்லி விரிந்த உடனே, மகரந்தப்பை வெடித்துத் தூளாகும் முன்பே விரலால் கிள்ளி எடுத்துவிடுவது. சூரியகாந்தியும் மஞ்சள் தூளாகக் கொட்டும், மகரந்தம் உதிராத வகை கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். பூனை இருக்கும் வீடு என்றால் லில்லியே வேண்டாம். அதன் எல்லாப் பாகமும், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினால்கூட, பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்துவிடும். வாசனையும் ஒரு பிரச்சினை. சாப்பாட்டுக்குப் பக்கத்தில் கடும் வாசனைப் பூ இருந்தால் சாப்பாடு எல்லாம் பூ வாசனைதான். கறை இன்னொரு வழியிலும் வந்தது: அடர்சிவப்புக் காகித நாப்கின் மேல் குளிர்ந்த தம்ளரை வைத்தார்கள், வியர்த்த தண்ணீரில் சாயம் இறங்கியது. வாங்கியதும் ஒன்றின் ஓரத்தை நனைத்து வெள்ளைத்துணியில் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

தட்டின் மேல் ஒரு பூ, தம்ளருக்குள் ஒரு பூ என்று படங்களில் காட்டுகிறார்களே, அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டாம். ஹைட்ரேஞ்சியா, டெல்ஃபினியம், அரளி எல்லாமே விஷம். விஷமில்லாத பூவாகவே இருந்தாலும், அலங்காரத்துக்கு விற்கும் பூவில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். உண்பதற்கென்றே வளர்த்த பூவைத் தவிர வேறெதுவும் உணவைத் தொடக் கூடாது.

வெளியில் மேசை போட்டால் காற்றும் தேனீயும் அழைக்காமலே வரும். உயரமான, அடி குறுகிய சாடி ஒன்று காற்றில் சாய்ந்து ஒருவர் மடியில் தண்ணீரைக் கொட்டியது. சாடிக்குள் கூழாங்கல் போட்டு எடை கூட்டலாம், விரிப்பின் நான்கு மூலைக்கும் கிளிப் மாட்டலாம். தேனீக்கள் பூவைவிட இனிப்புப் பானத்துக்குத்தான் அதிகம் வந்தன. பானங்களைத் தனி மேசைக்கு மாற்றி மூடி போட்டதும் கூட்டம் அங்கே போய்விட்டது. மெழுகுவத்தியைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைக்காவிட்டால் காற்றில் சுடர் சாய்ந்து பக்கத்துப் பூவின் காய்ந்த இலையில் பிடிக்கும். எனக்கு நுனி கருகியதோடு போயிற்று.

இப்போது நான் மேசை போடும் முறையே மாறிவிட்டது. பூவுக்கான பணம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது, மிச்சத்தில் குப்பிகள் வாங்கினேன், அவை ஒவ்வொரு முறையும் உதவுகின்றன. முந்தின நாள் காலையில் வெறும் குப்பிகளையும் தட்டுகளையும் மேசையில் அடுக்கி, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, இடம் சரியா என்று தீர்மானித்துவிடுவேன். மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு பூ வாங்கி வந்து, காம்பு வெட்டி, இலை உருவி, பழமில்லாத இருட்டறையில் வாளியில் விட்டுவிடுவேன். குளியலறைதான் எங்கள் வீட்டில் அதற்குத் தோதான இடம். விருந்தன்று மதியம் குப்பிகளில் மாற்றி, அதே அறையிலேயே வைத்திருந்து, ஆட்கள் வர ஒரு மணி நேரம் இருக்கும்போதுதான் மேசைக்குக் கொண்டுவருவேன், மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடமாகப் பார்த்து. நண்பர்கள் கிளம்பும்போது ஆளுக்கு ஒரு குப்பிப் பூவை எடுத்து, காம்பின் அடியில் ஈரமான டிஷ்யூவைச் சுற்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையை ரப்பர் பேண்டால் கட்டிக் கொடுத்துவிடலாம். கொடுப்பதானால் கார்னேஷனைக் கொடுங்கள், தண்ணீரை மாற்றி மாற்றி வைத்தால் இரண்டு வாரம்கூட நிற்கும். டாலியாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அது போகிற வழியிலேயே தலையைத் தொங்கப் போட்டுவிடும்.